அகமணத்தைத் தொடாத பாலியல் பாடம் யாருக்காக?

சமூகவியல் படிக்கும் தோழர்கள் யாரையாவது தூக்கத்தில் எழுப்பி, "சாதியின் இயல்புகள் யாவை?" என்று கேட்டுப் பாருங்கள். தடுமாறாமல் ஆறு சொல்வார்கள். ஜி.எஸ்.குர்யே 1932-இல் வெளிவந்த தன் நூலில் பட்டியலிட்ட ஆறு அவை. சமூகம் துண்டுதுண்டாகப் பிரிந்து கிடப்பது, படிநிலை, உண்பதிலும் பழகுவதிலும் கட்டுப்பாடு, குடிமை உரிமைகளிலும் சமய உரிமைகளிலும் ஏற்றத்தாழ்வு, விரும்பிய தொழிலைச் செய்ய முடியாமை, கடைசியாக மணஉறவுக் கட்டுப்பாடு. பத்து மதிப்பெண் கேள்வி. ஆறையும் எழுதிவிட்டால் முழு மதிப்பெண்.

கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஆறாவதுதான் சாதிக்கே உரிய ஒரே இயல்பு என்று, குர்யேவுக்கு 16 ஆண்டுகள் முன்பே ஒரு மாணவர் சொல்லியிருந்தார். 1916 மே 9. நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்க வகுப்பு. 'இந்தியாவில் சாதிகள்: அவற்றின் இயங்குமுறை, தோற்றம், வளர்ச்சி' என்ற கட்டுரையை வாசித்தவர் பீமராவ் அம்பேத்கர். வயது 25.

அந்தக் கட்டுரை என்ன சொல்கிறது? ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ள வேண்டுமானால், மணவயதில் உள்ள ஆண்களும் பெண்களும் எண்ணிக்கையில் சமமாக இருக்க வேண்டும். கணவன் செத்தால் ஒரு பெண் 'உபரி' ஆகிறாள். அவளை அப்படியே விட்டுவைத்தால் வெளியே போய் மணம் செய்துகொள்வாள், அல்லது உள்ளே இன்னொருத்திக்கு உரிய ஆணை எடுத்துக்கொள்வாள். ஆகவே கணவனோடு சேர்த்து எரி. எரிக்க முடியாவிட்டால் சாகும்வரை விதவையாக முடக்கு. மனைவி செத்து ஆண் உபரியானால்? ஆணை எரிக்க எந்தக் கூட்டத்துக்கும் மனசு வராது. அவனுக்கு மணவயதை எட்டாத ஒரு சிறுமியைப் பிடித்துக் கட்டிவை. உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம் மூன்றும் இப்படித்தான் வந்தன என்கிறார் அம்பேத்கர். அவற்றைப் போற்றிப் பாடிய தத்துவமெல்லாம் பிறகு வந்த பூச்சு.

தோழர்களே, இந்தக் கட்டுரை எதைப் பற்றியது? யார் யாரோடு படுக்கலாம், எந்த வயதில் படுக்கலாம், யாருடைய ஆசையை நெருப்பில் போட வேண்டும், யாருடைய ஆசைக்கு ஒரு குழந்தையைப் பலி கொடுக்கலாம் என்பதைப் பற்றியது. பச்சையாகச் சொன்னால் இது பாலியல் பாடம். ஒரு மாணவர் ஒரு வகுப்பில் வாசித்த பாடம். நம் கல்லூரிகளில் பாலியல் என்று பேச்செடுத்தால் இந்தக் கட்டுரை ஏன் மேசைக்கு வருவதில்லை?

வகுப்பில் வராத சொல்

நான் முதுகலை சமூகவியல் படித்த கல்லூரியில் வாரம் ஒரு மணி நேரம் கலந்துரையாடல் வகுப்பு உண்டு. மூன்றாம் பருவத்தில் எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு 'மனிதப் பாலியலும் சமூகமும்'. இதைத் தலைப்பாக வைக்கவே துணிச்சல் வேண்டும், பாராட்டுகிறேன். கின்சி பேசினோம், ஃபூக்கோ பேசினோம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377-ஆவது பிரிவின் பல்லைப் பிடுங்கிய தீர்ப்பைப் பேசினோம். சம்மதம் என்றால் என்ன என்று ஒரு வாரம் முழுக்கப் பேசினோம்.

கின்சியின் 1948 அறிக்கை 'மனித ஆண்' என்று பெயர் வைத்துக்கொண்டு வெள்ளை ஆண்களின் தரவுகளை மட்டுமே பேசியது என்று ஆசிரியர் சொன்னபோது வகுப்பே கொதித்தது. கறுப்பர்களை விட்டுவிட்டு எப்படி மனிதன் என்று பொதுவாக எழுதலாம்? நியாயமான கொதிப்பு. ஆனால் அப்படிக் கொதித்த எங்கள் வகுப்பில் ஏழு வாரங்களாகச் சாதி என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

எட்டாவது வாரம் என் வரிசையில் இருந்த ஒரு தோழி எழுந்தார். "மேடம், சம்மதம் சம்மதம்னு ஒரு வாரம் பேசினோம். எங்க ஊர்ல பொண்ணும் பையனும் சம்மதிச்சா பத்தாது மேடம். தெருவே சம்மதிக்கணும். இத எங்க பேசுறது?"

ஆசிரியர் கோபப்படவில்லை. கனிவாகத்தான் சொன்னார். "அது 'சமூகச் சிக்கல்கள்' தாள்ல ஆணவக் கொலைன்னு தனியா வருதும்மா. இங்க நாம பாலியல் மட்டும் பேசுவோம்."

அந்த ஆசிரியர் மீது எனக்குத் தனிப்பட்ட குறை எதுவும் இல்லை. பாடத்திட்டம் அலமாரியை அப்படித்தான் தட்டுத் தட்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. சாதி ஒரு தட்டு, குடும்பம் ஒரு தட்டு, பாலியல் ஒரு தட்டு, கொலை ஒரு தட்டு. எங்கள் ஊர்களில் இந்த நான்கும் ஒரே வீட்டின் ஒரே அறையில் நடக்கின்றன. பிரித்து வைத்தால்தான் யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். 'பாலியல் மட்டும்' என்று ஒன்று இந்த மண்ணில் கிடையாது.

காவல் நிற்கும் கல்லூரி

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் வெவ்வேறு தெருக்களில் பிறந்தவர்கள் மூன்று நான்கு ஆண்டுகள் ஒன்றாக உட்காரும் இடம் எது? ஊரில் தெரு தனி, கோயில் தனி, சுடுகாடு தனி. கல்லூரியில் பெஞ்சு ஒன்று. 69 விழுக்காடு இடஒதுக்கீடு நமக்குப் படிப்பும் வேலையும் மட்டும் தரவில்லை. பேசிக்கொள்ளவே கூடாதவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது. சாதிக்கு உண்மையான அச்சம் அந்தப் பெஞ்சைப் பார்த்துத்தான்.

விருத்தாசலம் அருகே 2003-இல் கண்ணகியோடு சேர்த்துக் கொல்லப்பட்ட முருகேசன் பொறியியல் பட்டதாரி. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட சங்கர் பொறியியல் மாணவர். அவரும் கௌசல்யாவும் சந்தித்தது கல்லூரியில். 2015 ஜூனில் கொல்லப்பட்ட கோகுல்ராஜும் பொறியாளர். உடன் படித்த தோழியோடு கோயிலுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்ததுதான் அவர் செய்த 'குற்றம்'.

இப்போது நம் தனியார் கல்லூரிகள் பலவற்றில் நடக்கும் 'ஒழுக்கத்தை'ப் பாருங்கள். ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. பேருந்தில் முன்பாதி, பின்பாதி. உணவகத்தில் நடுவே தடுப்பு. இருவர் சேர்ந்து பேசினால் அடையாள அட்டையைப் பிடுங்குகிறார்கள், வீட்டுக்கு ஃபோன் போடுகிறார்கள். "உங்க பொண்ணு ஒரு பையனோட பேசிட்டு நிக்கிறா" என்று தகவல் சொல்லும் ஊழியருக்கு அது ஒழுங்கு நடவடிக்கை. ஃபோனை எடுத்த வீட்டில் அடுத்து எழும் கேள்வி என்ன? "எந்த ஊர்ப் பையன்? என்ன ஆளுங்க?" என்பதுதானே! 18 வயது நிறைந்த ஒருவரின் பேச்சை அவர் வீட்டுக்குக் காட்டிக்கொடுக்கும் கல்லூரி, தெரிந்தோ தெரியாமலோ அகமணத்துக்குக் காவல் நிற்கிறது. அதே கல்லூரியின் வகுப்பறையில் பாலியல் பற்றி ஃபூக்கோவை வைத்து விவாதிப்பதில் யாருக்கு என்ன இடைஞ்சல்?

திருச்செங்கோட்டில் நடந்த இரண்டு

சாதியையும் பாலியலையும் பிரிக்க முடியும் என்பவர்கள் திருச்செங்கோட்டுக்குப் போய் வாருங்கள். பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கும் அர்த்தநாரீசுவரர் குடியிருக்கும் மலை. அந்தக் கோயில் திருவிழாவைப் பின்னணியாக வைத்து, பிள்ளையில்லாத ஓர் இணையரின் கதையை 'மாதொருபாகன்' நாவலாக 2010-இல் எழுதினார் பெருமாள்முருகன். திருவிழா இரவில் முகமறியாத ஆணோடு கூடிப் பிள்ளை பெறலாம் என்ற பழைய வழக்கம் கதையின் நடுவில் நிற்கிறது. நான்காண்டுகள் யாருக்கும் புண்படவில்லை. 2014 டிசம்பரில் திடீரென்று புண்பட்டது. நூலை எரித்தார்கள், கடையடைப்பு நடத்தினார்கள். 2015 ஜனவரியில் அவர் எழுத்தையே நிறுத்துவதாக அறிவிக்கும் நிலைக்குத் தள்ளினார்கள். அவர் அப்போது அதே மாவட்டத்தில் அரசுக் கல்லூரி ஆசிரியர். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்கு எதிரான வழக்கைத் தள்ளுபடி செய்த பிறகுதான் மீண்டும் எழுத வந்தார்.

அந்த ஜனவரிக்குப் பிறகு ஐந்தே மாதம். அதே கோயிலுக்குத் தோழியோடு வந்த கோகுல்ராஜைக் கடத்திப் போனார்கள். மறுநாள் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

ஒன்று நாவல், இன்னொன்று கொலை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் இரண்டிலும் கொந்தளித்த அச்சம் ஒன்றுதான். எங்கள் பெண்ணின் கருப்பைக்கு எந்தச் சாதி வழி தேடிவிடுமோ என்ற அச்சம். நாவலில் அந்த இரவு வரும் ஆணிடம் யாரும் 'என்ன ஆளுங்க' என்று கேட்பதில்லை. அதுதான் சுட்டது. இதைப் பாலியல் வகுப்பில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

விசாகா யாருடைய உழைப்பு?

ஒவ்வொரு கல்லூரித் தாழ்வாரத்திலும் உள் புகார்க் குழுவின் பெயர்ப் பலகை தொங்குகிறது. பாலியல் வகுப்பில் 2013 சட்டத்தைப் படிக்கிறோம், அதற்கு முந்தைய 1997 விசாகா நெறிமுறைகளைப் படிக்கிறோம். விசாகாவுக்கு முன்னால் ஒரு பெண் இருந்தார் என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

ராஜஸ்தானில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊழியராக இருந்தவர் பன்வாரி தேவி. குயவர் சாதி. 1992-இல் அவர் தடுக்கப் போனது ஆதிக்கச் சாதி வீடொன்றில் நடக்கவிருந்த குழந்தை மணத்தை. அம்பேத்கர் சொன்ன மூன்று கருவிகளில் ஒன்றில் கை வைத்தார். அதற்குத் தண்டனையாகக் கூட்டு வன்புணர்வு செய்யப்பட்டார். 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. உயர்சாதி ஆண்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்ற ரீதியில் போனது நியாயம். தீண்டாமையே குற்றவாளிக்குச் சான்றிதழ் ஆனது. அவருக்கு நேர்ந்த கொடுமையை அடுத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் விசாகா வந்தது. இன்று நகரத்து அலுவலகங்களில் ஒரு பெண் புகார் கொடுக்க முடிகிறதென்றால், அதன் அடித்தளத்தில் ஒரு கிராமத்துக் குயவர் சாதிப் பெண்ணின் போராட்டம் கிடக்கிறது. சாதியை எடுத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லிப் பாருங்கள். வெறும் விதிமுறைக் கையேடு மிஞ்சும்.

வரும் மறுப்புகள்

"எதற்கெடுத்தாலும் சாதியா? பாலியல் தனிமனித விருப்பம் இல்லையா?" என்பார்கள். தனிமனித விருப்பமாக வேண்டும் என்பதுதான் நம் போராட்டமே. ஆனால் 2011-12 இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி நாட்டில் சாதி கடந்த திருமணங்கள் சுமார் 5 விழுக்காடு. நூற்றுக்கு 95 பேரின் 'தனி விருப்பம்' அச்சுப் பிசகாமல் சாதிச் சான்றிதழோடு பொருந்திப் போகிறதா? நல்ல விருப்பம்!

"பால்புதுமையினர் உறவுகளில் சாதி எங்கே வருகிறது?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. 2015 மே மாதம் மும்பை நாளிதழ் ஒன்றில், தன்பாலீர்ப்புள்ள மகனுக்கு மணமகன் தேடி ஒரு தாய் விளம்பரம் கொடுத்தார். புரட்சி என்று கொண்டாடினார்கள். சாதி தடையில்லை, ஆனால் ஐயர் என்றால் நல்லது என்று அதில் இருந்தது. கருப்பையே இல்லாத மணத்திலும் சாதி முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபக்கம் கிரேஸ் பானு போன்ற தோழர்கள் திருநருக்குக் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள். தலித்தாகவும் திருநராகவும் இருப்பவர் இரண்டில் ஒன்றைத் தொலைத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டுமா என்பது அவர்களுடைய கேள்வி. அதற்கு வானவில் கொடியில் மட்டும் விடை கிடைக்காது.

"இதெல்லாம் நம் பண்பாட்டுக்கு ஆகாது" என்பவர்கள் பழைய ஆட்கள். 2007-இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பல மாநிலங்கள் தடை செய்தபோதும், பள்ளியில் பாலியல் கல்வி கூடாது என்று 2009-இல் மாநிலங்களவை மனுக்கள் குழு சொன்னபோதும் முன்வைக்கப்பட்டது இந்தப் பண்பாடுதான். சிறுமியைக் கிழவனுக்குக் கட்டிவைத்த பண்பாட்டுக்கு, சிறுமியிடம் அவள் உடலைப் பற்றிப் பேசினால் கூச்சமாக இருக்கிறதாம்!

நான்காவது மறுப்பு நம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். "முதலில் சாதி ஒழியட்டும் தோழர், பாலியலெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." இப்படிச் சொல்பவர்கள் பெரியாரைப் படித்தவர்களா, படத்துக்கு மாலை மட்டும் போட்டவர்களா? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் கேட்டது. கற்பு என்ற சொல் ஏன் பெண்ணுக்கு மட்டும் என்றும், கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டும் என்றும் அந்தக் காலத்திலேயே பெரியார் எழுதினார். அவை சேர்ந்து பிறகு 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலாக வந்தன. அவருக்கு எது முதல், எது பிறகு?

ஆனால் 2005-இல் திருமணத்துக்கு முந்தைய பாலுறவு பற்றி நடிகை குஷ்பு பேசியபோது என்ன நடந்தது? தமிழ்ப் பண்பாடு பேசியவர்களோடு ஒடுக்கப்பட்டோர் அரசியல் பேசியவர்களும் சேர்ந்து தெருவில் நின்றார்கள். மாநிலம் முழுக்க வழக்குப் போட்டார்கள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. இன்றும் நம் மேடைகளில் சாதி மறுப்பு மணத்தை "தூக்கிட்டு வந்தோம்ல" என்று வெற்றிக் கோப்பையைப் போலப் பேசும் குரல்கள் உண்டு. காதலித்த ஆதிக்கச் சாதி ஆண் கைவிட்டுப் போன தலித் பெண்களின் கதைகள் அந்த மேடைக்கு ஏறுவதில்லை. பெண்ணின் உடலைச் சாதியின் எல்லைக்கல்லாகப் பார்ப்பது அவர்கள் நோய். அதே உடலைச் சாதிக்கு எதிரான கொடிக்கம்பமாக மட்டும் பார்த்தால் நமக்கும் அதே நோய்தான்.

என்ன செய்யலாம்?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

முதலாவது, பாலியல் குறித்த எந்த வகுப்பிலும் முதல் வாசிப்பு அம்பேத்கரின் 1916 கட்டுரையாக இருக்கட்டும். அவர் நூல் தொகுப்பின் முதல் தொகுதியில் முதல் கட்டுரையே அதுதான். சில பத்துப் பக்கங்கள், ஒரே மாலையில் படித்துவிடலாம். கின்சியும் ஃபூக்கோவும் இரண்டாம் வாரம் வரட்டும்.

இரண்டாவது, களப்பணிக்கு மாணவர்களைத் திருமணப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி, மணம் செய்ய விரும்பும் இருவரின் விவரங்களை 30 நாள் அறிவிப்பாக அங்கே ஒட்டுகிறார்கள். அந்த அறிவிப்பை யார் வந்து படிக்கிறார்கள், படித்துவிட்டு யாருக்குச் சொல்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்டு எழுதட்டும். வயது வந்த இருவரின் மணத்துக்குக் குடும்பமோ சாதிக் கூட்டமோ ஒப்புதல் தரத் தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் கையோடு கொண்டுபோகட்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். 'வெளிப்படையாகப் பேசுங்கள்' என்று வகுப்பில் சொல்வது எளிது. பேசியதற்கு விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. தன் காதலைப் பற்றி ஒருவர் சொன்னால் கைதட்டுவார்கள், இன்னொருவர் சொன்னால் அன்று மாலையே அவர் ஊருக்குச் செய்தி போய்விடும். ஆகவே யாரிடமும் சொந்தக் கதையைக் கேட்காதீர்கள். கேள்விகளைப் பெயரில்லாத் துண்டுச்சீட்டில் வாங்குங்கள். யாரும் ஒலிப்பதிவு செய்யக் கூடாது, வகுப்பில் பேசியது வெளியே போகக் கூடாது. ஒடுக்கப்பட்டவரின் வலியைப் பாடப்பொருளாக உரித்து வைப்பதல்ல கலந்துரையாடல்.

நான்காவது, வீட்டுக்குப் போகும் அந்த ஃபோனை நிறுத்துங்கள். இருவர் பேசிக்கொண்டது குற்றமல்ல. அதைக் காட்டிக்கொடுப்பதால் ஓர் உயிர் போகக்கூடும் என்று தெரிந்தும் செய்வதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைக்காதீர்கள்.

பாடத்திட்டக் குழுக்கள் தாமாக மாறும் என்று காத்திருக்க வேண்டாம் தோழர்களே. உங்கள் வகுப்பில் இந்தத் தலைப்பு வருகிற வாரம் அந்த 1916 கட்டுரையை நகலெடுத்துப் போய் ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். "இது வேறு தாளில் வருகிறது" என்று யாராவது சொன்னால், அதை எழுதியவரும் ஒரு வகுப்பறையில் மாணவராக இருந்துதான் வாசித்தார் என்று சொல்லுங்கள். அப்புறம் முதல் பத்தியிலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்குங்கள்.